மொகிலி ஏறாத வண்டி

சித்தூரிலிருந்து பலமநேர் போகிற சாலையில், ஊர் முடிகிற இடத்தில் என் ஷெட் இருந்தது. மேலே தகரம், கீழே எண்ணெய் ஊறிய மண், நடுவில் நான். லாரி எஞ்சின் மட்டும்தான் பார்ப்பேன். யாராவது காரைக் கொண்டுவந்தால், இது பொம்மை, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கொடு என்று திருப்பி அனுப்பிவிடுவேன். எனக்கு வாய் அதிகம். அந்த வாய் மட்டும் இல்லாதிருந்தால் எங்கேயோ போயிருப்பேன் என்று என் மனைவி சொல்வாள். எங்கே என்று கேட்டால் சொல்ல மாட்டாள்.

அந்த வருடம் தசராவிலிருந்து பொங்கல் வரைக்கும் ஒரே ஒரு லாரியோடு மல்லுக்கட்டினேன். என் தங்கை வீட்டுக்காரனுடைய லாரி. என்னைவிட நாலைந்து வயது சின்னவன், அதனால் அவன் இவன் என்றுதான் எனக்கு எழுத வருகிறது. நேரில் மாப்ளே என்பேன். நாங்கள் நகரி பக்கத்துக் குடியானவர்கள். தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, எங்கள் ஊரில் பாதி ஆம்பிளைகள் குவைத்துக்குப் போய் ஒட்டகத்தையும் காரையும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து, வாங்கிவந்த டேப் ரிக்கார்டரைப் பாடவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்து, மறுபடியும் போவார்கள். அவர்களுடைய பெண்டாட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். வீடு மட்டும் வருடா வருடம் ஒரு மாடி ஏறும். அதனால் சொந்தமாக லாரி வைத்திருக்கிற பையனாகப் பார்த்தேன். லாரியை விட்டுவிட்டு எங்கே போவான் என்பது என் கணக்கு.

லாரி பழசு. ஆறு சிலிண்டர்களும் வரிசையாக நிற்கிற பெரிய எஞ்சின். பக்கத்தில் ஒரு டீசல் பம்ப். அதிலிருந்து ஆறு குழாய்கள் ஆறு சிலிண்டருக்கும் போகும். டர்போ, கிர்போ எதுவும் கிடையாது. அப்போது புதிதாக வந்த ஃபைனான்ஸ் கம்பெனிகள் ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் புது வண்டி கொடுத்துக்கொண்டிருந்தன. பெங்களூர் சாலையில் பளபளவென்று டர்போ வண்டிகள் சீறிக்கொண்டு போகும். எங்கள் வண்டி அதற்கெல்லாம் ஓரம் ஒதுங்காமல் நடுவில் போகும். அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு.

தசராவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பம்ப்பைக் கழற்றினேன். கறுப்பாகப் புகை விட்டது, டீசலும் அதிகமாகக் குடித்தது. திருப்பதியில் பம்ப் சர்வீஸ் செய்கிற கடையில் கொடுத்துச் சரிபார்க்க வேண்டும். பம்ப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. எஞ்சினிலிருந்து வருகிற தட்டும் பம்ப்பினுடைய தட்டும் எந்த நிலையில் சேர்ந்திருக்கின்றன என்று குறி போட்டுக்கொள்ள வேண்டும். அந்தத் தட்டில் போல்ட் ஓட்டைகள் நீளமாக இருக்கும். கொஞ்சம் முன்னே பின்னே தள்ளலாம். ஒரு நூல் அளவு தள்ளிப்போனால்கூட டீசல் போய்ச் சேருகிற நேரமே மாறிவிடும். அதனால் இரண்டு தட்டுக்கும் சேர்த்துக் குறுக்கே சிவப்பு பெயிண்டில் ஒரு கோடு போட்டேன். நான் எப்போதும் கோடுதான் போடுவேன். இருபது வருடமாக அதே கோடு, அதே பெயிண்ட், அதே தீக்குச்சி.

பம்ப்பைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் திருப்பதிக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் நல்ல வேலைக்காரர், தெலுங்குக்காரர், மெதுவாகப் பேசுவார். எனக்கு மெதுவாகப் பேசுகிறவர்களைக் கண்டால் ஆகாது. பூஜைக்குக் கடை மூடுகிறேன், முடிந்து வா என்றார். சரி என்று வந்துவிட்டேன். ஆயுத பூஜை அன்று வண்டி பம்ப் இல்லாமலேயே ஷெட்டில் நின்றது. தங்கை காலையிலேயே வந்து வண்டியைக் கழுவினாள், மாலை போட்டாள், மஞ்சள் குங்குமம் வைத்தாள், பூசணிக்காய் உடைத்தாள். நான் கொல்லையில் பொங்கல் தின்றுகொண்டிருந்தேன்.

பூஜை முடிந்து பம்ப் வந்தது. பெயிண்ட் குறிக்கு நேராக வைத்து மாட்டினேன். மாட்டும்போது எஞ்சின் தட்டில் இருந்த குறியைப் பார்த்தேன். கோடாக இல்லாமல் கொஞ்சம் உருண்டையாக இருந்தது. வெயிலில் பெயிண்ட் இளகியிருக்கும் என்று நினைத்தேன். அதற்குமேல் நினைக்கவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, பின்னால் சொன்னால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

வண்டி கிளம்ப மறுத்தது. கால் மணி நேரம் இழுத்து இழுத்துக் கிளப்பினால், பின்னாலிருந்து வெள்ளை வெளேரென்று புகை. சாம்பிராணி போட்ட மாதிரி ஷெட்டே மறைந்துபோனது. சூடானால் சரியாகிவிடும் என்று மாப்பிள்ளை அரை லோடு செங்கல் ஏற்றிக்கொண்டு பலமநேருக்குக் கிளம்பினான். நானும் ஏறிக்கொண்டேன். வழியில் மொகிலி மலை ஏறுகிற காட் ரோட்டில் முதல் வளைவுக்கு வந்ததும் வண்டி மூச்சு வாங்கியது. இரண்டாவது கியர், அப்புறம் முதல் கியர், அப்புறம் கியரே இல்லை, நின்றுவிட்டது. நான் இறங்கி சக்கரத்துக்குக் கல் வைத்தேன். பின்னால் பெங்களூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது. ஜன்னல் வழியாக எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். செங்கல்லைப் பாதி இறக்கிப் போட்டுவிட்டு, வண்டியைப் பின்னாலேயே உருட்டிக் கீழே கொண்டுவந்தோம்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது மாப்பிள்ளை கண்ணாடியில் தெரிந்த புகையையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். அப்புறம் சொன்னான்:

"பொங்கலுக்குள்ள இது லோடோட மொகிலி ஏறணும் மச்சான். ஏறலன்னா நான் இன்னா பண்றது, நீயே சொல்லு."

எனக்குச் சொல்லத் தேவையில்லை, தெரியும். அவன் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருந்தான். ராயச்சோட்டியிலிருந்து ஒரு ஏஜென்ட் இரண்டு தடவை வீட்டுக்கு வந்துபோனான் என்று தங்கை ஏற்கெனவே என்னிடம் அழுதிருந்தாள். பொங்கலுக்கு வெல்லம் ஏற்ற ஆரம்பிப்பார்கள். சித்தூர் வெல்ல மண்டியிலிருந்து பெங்களூருக்குத் தினமும் லோடு இருக்கும். அதற்குள் வண்டி மலை ஏறினால் அவன் இங்கே இருப்பான். ஏறாவிட்டால் குவைத். இப்படித்தான் நான் புரிந்துகொண்டேன்.

"நான் கீறேன்ல, இன்னாத்துக்குப் பயப்படற?" என்றேன்.

மறுநாள் ஆரம்பித்தேன். முதலில் டீசலைச் சந்தேகப்பட்டேன், மண்ணெண்ணெய் கலந்திருப்பான் என்று. டாங்கைக் காலி செய்து வேறு பங்க்கில் பிடித்துவந்து ஊற்றினேன். புகை அப்படியே இருந்தது. ஃபில்டர் மாற்றினேன். குழாய்களில் காற்று நின்றிருக்கும் என்று ஒவ்வொன்றாகத் தளர்த்தி, நுரை போகும்வரை கையால் பம்ப் அடித்தேன். பிறகு சிலிண்டர் சிலிண்டராகப் பார்த்தேன். எஞ்சின் ஓடும்போது ஒரு குழாயின் நட்டைத் தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது, சத்தம் தடுமாறும். தடுமாறாவிட்டால் அது முன்னாலேயே செத்துக் கிடக்கிறது என்று அர்த்தம். ஒன்று, ஐந்து, மூன்று, ஆறு, இரண்டு, நாலு. எஞ்சின் எந்த வரிசையில் வெடிக்குமோ அந்த வரிசையிலேயே தளர்த்தினேன். ஆறும் தடுமாறின. ஆறும் உயிரோடு இருக்கின்றன, ஆறும் வேலை செய்யவில்லை. ஒரு வீட்டில் ஆறு அண்ணன் தம்பிகள் இருந்தால் எப்படியோ அப்படி.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் கொப்புளம் வருகிறதா என்று பார்த்தேன். வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. வரவில்லை. போயிருந்தால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்தேன், காரணமாவது கிடைத்திருக்கும். வால்வுகளைத் தட்டுகிற டாப்பெட்டுகளின் இடைவெளிகளைத் திரும்ப வைத்தேன். டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர்களைக் கழற்றி ஸ்ப்ரே பார்த்தேன். இரண்டு கொஞ்சம் மழுங்கியிருந்தன, மாற்றினேன். நீளமான ஸ்க்ரூடிரைவரை எஞ்சின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்து ஒவ்வொரு இடமாகக் கேட்டேன். என் காது அந்தச் சாலையில் பேர்போன காது. போகிற லாரியைப் பார்க்காமலே எத்தனையாவது சிலிண்டரில் கோளாறு என்று சொல்லுவேன், டிரைவர்கள் பந்தயம் கட்டுவார்கள். அந்தக் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை தினமும் சாயங்காலம் வருவான். வேறு வண்டியில் டிரைவராகக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். சொந்த வண்டிக்காரன் அடுத்தவன் வண்டியை ஓட்டுவது கஷ்டம். அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வந்து ஒரே கேள்விதான் கேட்பான்.

"பொகை நின்னுச்சா மச்சான்?"

"நிக்கும்."

மைலேஜ் வருமா, சூடு ஏறுமா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. புகை மட்டும்தான். ஒரு நாள் கேபினுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் கூட்டிவந்தான். ஓடாத வண்டிக்கு எதற்கு மேக்கப் என்றேன். "இருக்கட்டும் மச்சான், பாக்க நல்லா இருக்கணும்ல" என்றான். வண்டி மேல் என்ன பாசம் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகை மாதம் பாதி போனபோது எனக்குச் சந்தேகம் பம்ப் கடைக்காரர் மேல் திரும்பியது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அன்று அந்தப் பழமொழி என் ஞாபகத்துக்கு வரவில்லை. பம்ப்பை மறுபடி கழற்றினேன். குறிதான் ஏற்கெனவே இருக்கிறதே, புதிதாக எதற்கு என்று குறிகூடப் போடவில்லை. சாக்கில் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன். பக்கத்தில் மொட்டை அடிக்கப்போகிற குடும்பம் ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்தப் பெரியவர் சாக்கைத் தொட்டுப் பார்த்து, சாமிக்கு வேண்டுதலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கடையில் போய் நான் பேசியதை எழுத முடியாது. உன் வேலையால் என் தங்கை குடும்பம் தெருவுக்கு வந்துவிட்டது என்பதுதான் அதன் சுருக்கம். தெருவே நின்று பார்த்தது. கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, பம்ப்பை மெஷினில் மாட்டினார். ஆறு கண்ணாடிக் குழாய்களில் ஆறு சிலிண்டருக்கான டீசலும் ஒரே மட்டத்தில் நின்றது. நூல் பிடித்த மாதிரி. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"டைமிங் சூசினாவா?"

டைமிங் பார்த்தாயா என்று என்னைக் கேட்கிறார். என்னை.

"குறி போட்டுக் கழட்டினது நானு. குறி பாத்து மாட்டினது நானு. இருவது வருஷமா மாட்டிக்கினு கீறேன்," என்றேன்.

"அதி சரே. முந்து டைமிங் சூடு நைனா," என்றார். அது சரி, முதலில் டைமிங்கைப் பார் அப்பா என்று. நைனா என்று அவர் சொன்னவிதம் எனக்குப் பிடிக்கவில்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வந்து, அதே சிவப்புக் குறிக்கு நேராக வைத்து மறுபடியும் மாட்டினேன். அதே புகை.

இப்போது யாராவது கேட்பார்கள், டைமிங் பார்ப்பது அவ்வளவு கஷ்டமா என்று. இல்லை. ஒரு மணி நேர வேலை. முதல் சிலிண்டர் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் வளைந்த சின்னக் குழாய் ஒன்றை மாட்டி, எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பினால் டீசல் சொட்டும். சொட்டு எங்கே நிற்கிறதோ, அங்கேதான் பம்ப் டீசலை அடிக்கத் தொடங்குகிறது. எஞ்சின் சக்கரத்தில் கம்பெனிக்காரன் வெட்டிய கோடு அந்த நேரத்தில் முள்ளுக்கு நேராக நிற்க வேண்டும். அவ்வளவுதான். பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பார்த்தால் என் குறியை நானே சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். அதனால் பார்க்கவில்லை. ஒன்றரை மாதம் எல்லாவற்றையும் பார்த்தேன், அதை மட்டும் பார்க்கவில்லை.

மார்கழி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை காலை தங்கை வந்தாள். கையில் சின்னத் தட்டு, அதில் குங்குமம். முகம் வீங்கியிருந்தது. அழுதிருக்கிறாள் என்று தெரிந்தது, கேட்கவில்லை.

"கொஞ்சம் நவுருண்ணா. காணிப்பாக்கம் புள்ளையார் கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன். வண்டிக்குக் குங்குமம் வெச்சிட்டுப் போறேன்."

"வை. அது ஒண்ணுதான் கொறச்சல்."

பானெட் திறந்திருந்தது. அவள் எட்டிப் பார்த்து, முதல் தடவையாகச் சிரித்தாள்.

"பூஜைக்கு வெச்சது இன்னும் அப்பிடியே கீது பாரேன்."

"எது?"

"இந்தா, இந்தத் தட்டுல. அன்னைக்கு இந்த எடம் காலியா கெடந்துச்சி, பல்லு போன வாய் மாரி. பாக்கவே பாவமா இருந்துச்சி. ஒரு பொட்டு வெச்சேன்."

நான் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

"குங்குமம் இத்தினி நாளு நிக்குமா?"

"எண்ணெயில கொழச்சில்ல வெச்சேன். வண்டி அதிருமே, கொட்டிடும்னுட்டு."

"அங்க செவப்பா ஒரு கோடு இருந்துச்சே?"

"ஆமா, இன்னாவோ பெயிண்டு ஈஷிக்கினு இருந்துச்சி. மண்ணெண்ண போட்டுத் தொடச்சிட்டுத்தான் வெச்சேன். அழுக்கு மேல யாராச்சும் பொட்டு வைப்பாங்களா?"

நான் கோபக்காரன் என்று ஊருக்கே தெரியும். அன்றைக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அவள் மேல் என்ன தப்பு? அம்மா எண்ணெயில் குழைத்து வைத்தாள், இவளும் எண்ணெயில் குழைத்து வைத்தாள். எங்கள் வீட்டில் ஏர்க்கலப்பையிலிருந்து கிணற்று மோட்டார் வரைக்கும் எல்லாவற்றுக்கும் அப்படித்தான் வைப்பார்கள். இருபது வருடமாகக் கோடு போடுகிறவன், பொட்டைப் பார்த்துக் கோடு என்று நம்பி, ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை மாட்டியிருக்கிறேன். திருப்பதித் தெருவில் நின்று கத்தியும் இருக்கிறேன்.

"இன்னாண்ணா ஒரு மாரி கீற? தப்பாயிடுச்சா?"

"ஒண்ணும் இல்ல. நீ பொட்டு நல்லாத்தான் வெச்ச. நாந்தான் அதுக்கு நேரா பம்ப்ப மாட்டிட்டேன்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்போ இதாலதான் வண்டி மலை ஏறலையா? நான் வெச்சதாலயா? அவருக்குத் தெரிஞ்சா இன்னா ஆவும்?"

"தெரியாது. நீயும் சொல்லாத, நானும் சொல்ல மாட்டேன். இன்னிக்கே சரியாயிடும்."

"சரியாச்சின்னா அவரு போமாட்டாருல்ல?"

"வண்டி ஓடினா எவனாச்சும் போவானா? போய் உலை வை, மத்தியானம் அங்கதான் துன்னப் போறேன்."

அவள் போனதும் வளைந்த குழாயை மாட்டி சொட்டு பார்த்தேன். சொட்டு நிற்க வேண்டிய இடம் தாண்டி நன்றாகத் தள்ளிப்போய் நின்றது. டீசல் தாமதமாகப் போய்ச் சேர்ந்து, எரியாமலே புகையாக வெளியே வந்துகொண்டிருந்தது. மூன்று போல்ட்டைத் தளர்த்தி, பம்ப்பின் தட்டை ஒரு பொட்டு அகலம் திருப்பினேன். மறுபடி சொட்டு பார்த்தேன், மறுபடி திருப்பினேன். கோடும் முள்ளும் நேராக நின்றன. இறுக்கினேன். புதிதாகக் குறி போட்டேன், இந்தத் தடவை உளியால் வெட்டி.

சாவியைத் திருப்பியதும் கிளம்பிவிட்டது. இரண்டாவது தடவை இழுக்கவே இல்லை. இருந்தாலும் விடவில்லை. ஐடிலைக் குறைத்து, கூட்டி, ஒவ்வொரு டாப்பெட்டையும் சூடாக இருக்கும்போது மறுபடியும் பார்த்தேன். சாயங்காலம் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து எஞ்சின் மேல் வைத்தேன். தண்ணீர் லேசாக நடுங்கியது, ஒரு சொட்டு கீழே விழவில்லை. மாப்பிள்ளை வந்து சைலன்ஸருக்குப் பின்னால் கையை நீட்டிப் பார்த்தான். கையில் ஒன்றும் ஒட்டவில்லை.

"பொகையே இல்ல மச்சான்," என்றான். அவன் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது. அடுப்புப் புகைதான் என்று சொல்ல முடியாது, புகையே இல்லையே.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் வெல்ல மண்டியில் முழு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பெங்களூர் லோடு. நான் மொகிலி வரைக்கும் போய்விட்டுப் பஸ்ஸில் திரும்புவதாகப் பேச்சு. காலை பத்து மணி, நல்ல வெயில். போன தடவை நின்ற வளைவு வந்தது. மாப்பிள்ளை மூன்றாவது கியரிலேயே இருந்தான். வண்டி ஒரு முறை முனகிவிட்டு ஏறியது. அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? கனமான சத்தம், ஆனால் ஒன்றோடு ஒன்று இடிக்காத சத்தம். முன்னால் போன டர்போ வண்டி ஒன்று எங்களை விட்டுப் போக முடியாமல் மூன்று வளைவு வரைக்கும் எங்கள் முன்னாலேயே போனது. நான் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தேன். வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

மேலே ஏறியதும் டீக்கடையில் நிறுத்தினோம். அங்கே வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் முளபாகல் பக்கத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார்.

"பண்டி பாகா எக்கிந்தே," என்றார். வண்டி நன்றாக ஏறியதே என்று.

யாராவது இப்படிச் சொல்ல மாட்டார்களா என்று மூன்று மாதமாகக் காத்திருந்தவன் நான். பானெட்டைத் திறந்தேன். எஞ்சினின் பிறப்பு முதல் நேற்று வரை சொன்னேன். டாப்பெட், இன்ஜெக்டர், பம்ப், டைமிங், எல்லாம். பொட்டை மட்டும் சொல்லவில்லை. அவர் ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தார், ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார், குனிந்து அடியில் எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தார். விஷயம் தெரிந்த மனிதர் என்று எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

"எத்தினி வருஷம் ஓடும்?" என்று தமிழிலேயே கேட்டார்.

"இன்னும் பத்து வருஷம் நீங்க பானெட்ட தொறக்கவே வேணாம். நான் கேரண்டி," என்றேன்.

மாப்பிள்ளை தூரத்தில் நின்று இரண்டாவது டீ குடித்துக்கொண்டிருந்தான். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. டீ சூடாக இருக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள், போகிக்கு முதல் நாள், அவன் பஸ்ஸில் வந்து இறங்கினான். கையில் வண்டியிலிருந்த சாமி படமும், போர்வையும், டிரைவர் சீட்டுத் தலையணையும் இருந்தன. நேராக ஷெட்டுக்குத்தான் வந்தான்.

"வண்டி எங்க மாப்ளே?"

"குடுத்துட்டேன் மச்சான். டீக்கடையில பாத்தியே, அவருக்குத்தான். பொகை வுட்டுக்கினு இருந்தா எவன் வாங்குவான்? அதான் பொங்கலுக்குள்ள ஏறணும்னேன். விசாவுக்குப் பணம் கட்ட அதுக்கு மேல டைம் இல்ல."

நான் அவன் கையிலிருந்த சாமி படத்தைப் பார்த்தேன். அவனே சொன்னான்:

"நீ பேசினதுலதான் அவரு மறுபேச்சே பேசல. நீ இல்லன்னா ஆயிருக்காது."

வாயில் வந்ததெல்லாம் பேசினேன். என் தங்கையை ஏமாற்றிவிட்டாய் என்றேன், என்னை வைத்தே என் வீட்டை இடித்துவிட்டாய் என்றேன். அவன் தலையணையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டான். எல்லாரும் டர்போ எடுத்துட்டாங்க மச்சான், மண்டிக்காரன் இனிமே பழைய வண்டிக்கு லோடு குடுக்க மாட்டேங்கறான், இது ஓடினாலும் எத்தினி நாள் ஓடும் என்றான். நான் உன்னாண்ட மறைக்கல, நீ கேக்கல என்றான். அதுவும் உண்மைதான். போகிற லாரியில் எது கோளாறு என்று காதால் சொல்கிறவன், தினமும் சாயங்காலம் எதிரில் வந்து நின்றவனை ஒரு கேள்வி கேட்கவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கைநிறைய கிரீஸ் பூசிக்கொண்டு செய்திருக்கிறேன்.

தங்கை வந்தபோது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அழவில்லை. ஷெட்டில் வண்டி நின்ற இடத்தில், எண்ணெய் சொட்டிய மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நீ சரி பண்ணலன்னா அவரு வித்திருக்க மாட்டாருண்ணா," என்றாள். "நான் வாய மூடிக்கினு இருந்திருந்தா நீ சரி பண்ணியிருக்க மாட்ட."

நான் உளியை எடுத்து டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

தை முடிவதற்குள் அவன் போய்விட்டான். வெள்ளிக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் வரும். முதலில் பிள்ளைகளைக் கேட்பான், அடுத்தது வண்டியைக் கேட்பான். ரோட்டில் பார்த்தேன், புகை இல்லை என்பேன். அப்புறம் ரிசீவரைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து நிற்பேன். நடுவில் ஒரு நாள் திருப்பதிக்குப் போய் பம்ப் கடைக்காரரிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். பொட்டு விஷயத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, காபி வாங்கிக் கொடுத்தார். மெதுவாகப் பேசுகிறவர்களைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் மாறியது.

அடுத்த தசராவுக்கு முளபாகல்காரர் வண்டியைக் கொண்டுவந்தார். ஆயில் மாற்ற வேண்டும், வேறு கையில் விட மாட்டேன் என்றார். அது ஆயுத பூஜை நாள். தங்கை எனக்காக ஷெட்டைக் கழுவிவிட்டுக் குங்குமத் தட்டோடு நின்றிருந்தாள். வண்டியைப் பார்த்தாள். வைக்கலாமா என்று அவரைக் கேட்டாள். வைம்மா என்றார். முகப்பில் வைத்தாள், ஸ்டியரிங்கில் வைத்தாள், நாலு பக்கமும் சக்கரங்களுக்கு வைத்தாள். பானெட்டுக்கு உள்ளே, பம்ப் பக்கம் வந்ததும் விரல் நின்றது.

"வை," என்றேன். "உளியில வெட்டின குறி கீது. நீ எங்க வெச்சாலும் ஒண்ணும் ஆவாது."

"வேணாண்ணா," என்றாள். "எங்க வெச்சா மலை ஏறாதுன்னு இப்போதான் எனக்குத் தெரியும். போன வருஷம் தெரிஞ்சிருந்தா உன்னாண்ட வாயே தொறந்திருக்க மாட்டேன்."

குங்குமத்தைத் தட்டிலேயே உதறிவிட்டு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நான் பானெட்டை மூடினேன். முளபாகல்காரர் சாவியைத் திருப்பினார், வண்டி ஒரே தடவையில் கிளம்பி பலமநேர் சாலையில் ஏறியது. புகை வருகிறதா என்று நாங்கள் இரண்டு பேரும் அது மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றோம். வரவில்லை.